பறிப்பதா, பழக்குவதா?

அண்மையில் பெற்றோர் கூட்டம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். மேடையேறிய பெரியவர் ஒருவர், "இன்றைய பிள்ளைகள் கெட்டுப்போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அஃது அவர்கள் கையிலிருக்கும் கைப்பேசி. அதனைப் பறியுங்கள், பிள்ளை தானே திருந்துவான்!" என்று முழங்கினார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். தட்டி முடித்தவர்களுள் பாதிப்பேர் அடுத்த கணமே மடியிலிருந்த தம் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு முன்வரிசையில் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர், அப்பெரியவரின் பேச்சைப் படம் பிடித்து அங்கேயே முகநூலில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

இக்காட்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியப் பணி புரிந்தவன் நான். பிள்ளைகளைப் பற்றிய குற்றப்பத்திரிகைகள் பலவற்றைக் கேட்டுப் பழகியவன். அவற்றுள் பெரும்பாலானவை பெரியவர்கள் தம்மீது சுமத்திக்கொள்ள வேண்டியவை என்பது என் அனுபவம். கைப்பேசி பற்றிய குற்றப்பத்திரிகையும் அவ்வகையினதே என்பதை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

ஆபத்து உண்டா?

உண்டு. அதனை மறுப்பதற்காக நான் எழுதுகோலை எடுக்கவில்லை. "வானொலி வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்கள், திரைப்படம் வந்தபோதும் இப்படித்தான் புலம்பினார்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று தோளைத் தட்டுவோர் சிலர் உளர். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

தோட்டத்துத் திடலில் திரைகட்டிக் காட்டிய படம் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. 1963ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொடங்கிய தொலைக்காட்சி, இரவில் நாட்டுப்பண் இசைத்து ஓய்ந்தது. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் இருந்தது. இன்றைய கைப்பேசித் திரைக்கோ கடைசிப் பக்கமே கிடையாது. விரலால் தள்ளத் தள்ள மேலும் மேலும் வந்துகொண்டே இருக்கும். 'அடுத்த பக்கம்' என்று ஒருமுறை அழுத்த வேண்டிய சிறு தடையையும் நீக்கிய இம்முறையை 2006ஆம் ஆண்டில் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின் என்னும் அமெரிக்கர். பின்னாளில் அவரே அதற்காக வெளிப்படையாக வருந்தினார். செய்தவரே வருந்தும் பொருளை நாம் வருத்தமின்றிப் பத்து வயதுப் பிள்ளையின் கையில் வைக்கின்றோம்.

ஏன் இந்த முடிவில்லாத திரை? விளம்பரத்தால் வாழும் வணிகம் அது. பிள்ளை எவ்வளவு நேரம் கண்ணெடுக்காமல் பார்க்கின்றானோ, அவ்வளவு விளம்பரம் விற்பனையாகும். அவன் எந்தப் படத்தில் நின்றான், எதனைத் திரும்பப் பார்த்தான் என்பதனைக் கணக்கிட்டு, அதே வகையில் அடுத்ததை ஊட்டுகிறது பொறி. 2021ஆம் ஆண்டில் முகநூல் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள், பதின்ம வயதுப் பெண்கள் பலர் தம் உடலைப் பற்றிக் கொள்ளும் தாழ்வெண்ணத்தை இன்ஸ்டாகிராம் மேலும் மோசமாக்குகிறது என்பதை அந்நிறுவனத்தின் ஆய்வாளர்களே அறிந்திருந்தனர் எனக் காட்டின. 2023ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலர், சமூக ஊடகம் சிறார்க்குப் போதிய அளவு பாதுகாப்பானது என்று முடிவு செய்ய இயலவில்லை எனப் பகிரங்கமாக எச்சரித்தார்.

ஆதலின், ஆபத்து கற்பனையன்று. என் வினா வேறு. அந்த ஆபத்துக்கு நாம் காட்டும் மருந்து சரியானதுதானா?

சட்டம் வந்துவிட்டது, கடமை முடிந்ததா?

ஆஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க 2024ஆம் ஆண்டு நவம்பரில் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. மலேசிய அரசும் 2025 நவம்பரில் அதே வயது எல்லையை 2026இல் கொண்டுவரப்போவதாக அறிவித்தது. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி முதல் நாள் நம் நாட்டில் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூர் இடைநிலைப்பள்ளிகளில் 2026 ஜனவரி முதல் பள்ளி நேரம் முழுவதும் மாணவர் கைப்பேசியைத் தொடக்கூடாது என்னும் விதி வந்தது.

இவற்றை நான் வரவேற்கின்றேன். கோடி கோடியாய் ஈட்டும் நிறுவனங்களைத் தட்டிக்கேட்கத் தனியொரு தாயால் இயலாது, அரசால்தான் இயலும். ஆயினும், "இனிமேல் அரசு பார்த்துக்கொள்ளும்" என்று நம்மவர் நிம்மதிப் பெருமூச்சு விடுவதைக் காணும்போதுதான் அச்சம் எழுகிறது.

வயது எல்லை நமக்குப் புதியதன்று. 13 வயது நிரம்பாதோர் கணக்குத் திறக்கலாகாது என்பது இந்நிறுவனங்கள் பலவற்றின் நெடுநாளைய விதி. அந்த 13 என்னும் எண் எங்கிருந்து வந்தது? குழந்தை உள்ளத்தை ஆராய்ந்து எவரும் அதனைக் கண்டெடுக்கவில்லை. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தனிவிவரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டலாகாது என்று 1998இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின் பிடியில் அகப்படாதிருக்க, நிறுவனங்கள் 13ஐத் தம் வாயில்படியாக வைத்துக்கொண்டன.

அந்தப் படியையாவது நாம் மதித்தோமா? பத்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் திறந்து கொடுத்தவர் யார்? எத்தனையோ வீடுகளில் அது தந்தையாரின் திருக்கரம். இணையத்தில் பிள்ளை கற்ற முதற்பாடம் பொய். கற்பித்த ஆசான் பெற்றவர். நாளைக்கு 16 என்னும் எல்லை வந்தாலும் அதே கரம் அதே பொய்யைத் தட்டச்சு செய்யாது என்பதற்கு என்ன உறுதி?

ஒரு வாதத்திற்காக, சட்டம் முற்றாக வெற்றி பெற்றதாகவே கொள்வோம். பதினைந்து வயது வரை ஒன்றும் அறியாதவனாய் வளர்ந்த பிள்ளை, பதினாறாம் பிறந்தநாள் காலையில் இந்தப் பெருஞ்சந்தைக்குள் நுழைவான். அன்றைக்கு அவனுக்கு யார் கைகொடுப்பது?

பால்வெட்டுக் கத்தி

என் தாயார் பால்வெட்டுத் தொழிலாளி. பால்வெட்டுக் கத்தி கூர்மையானது. அதனினும் பெரிய கேடு மரத்துக்கு. ஒரு மயிரிழை ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். காயம்பட்ட பட்டை மீண்டும் வளரும்போது முடிச்சு முடிச்சாக வளரும். பிறகு அவ்விடத்தில் சீராக வெட்ட முடியாது. ஆகவே எங்கள் தோட்டத்துப் பெண்கள் தம் மகளிடம் கத்தியை எறிந்துவிட்டுப் போனதில்லை; வயது வரும்வரை பெட்டியில் வைத்துப் பூட்டியதும் இல்லை. விரைவில் வீழ்த்தப்படவிருக்கும் கிழட்டு மரத்தின் முன் நிறுத்தி, மணிக்கட்டைத் தம் கையால் பிடித்து, "இவ்வளவுதான், இதற்கு மேல் போகாதே" என்று காட்டினார்கள். தவறினால் திட்டினார்கள், ஆனால் பக்கத்திலேயே நின்றார்கள்.

எழுத்தறிவு குறைந்த அத்தாய்மார்கள் அறிந்திருந்த கல்வி முறையைப் பட்டம் பெற்ற நாம் மறந்துவிட்டோம். இரண்டு வயதில் சோறூட்டுவதற்காகக் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் பதினான்கு வயதில் அடித்துப் பிடுங்குகின்றோம். நடுவிலுள்ள பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு நாளாவது மணிக்கட்டைப் பிடித்தோமா?

என் குற்றம்

பிறரைக் கேட்கும் முன் என்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பிள்ளைபிடிப்போர் வெள்ளை வேனில் திரிகின்றனர் என்ற செய்தியும், இரண்டு ஆடவர்களின் படமும் என் வாட்ஸ்அப்புக்கு வந்தன. சமூக அக்கறை மேலிட்டுக் கோயில் குழு, ஓய்வுபெற்ற ஆசிரியர் குழு, உறவினர் குழு ஆகிய மூன்றுக்கும் உடனே அனுப்பினேன். கால் மணி நேரத்தில் பக்கத்து வீட்டுப் பையன் வந்து நின்றான். படிவம் மூன்று படிப்பவன். அவன் பாட்டியும் கோயில் குழுவில் இருப்பவர்.

"தாத்தா, பாட்டி போன்ல நீங்க அனுப்பின படத்தைப் பார்த்தேன். அது இங்க எடுத்த படமே இல்ல. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வேற நாட்டுல வந்தது" என்றான். படத்தைக் கொடுத்து அதன் மூலத்தைத் தேடும் வழியை எனக்குச் செய்தும் காட்டினான். அவனுக்கு அதனைக் கற்பித்தவர் யார் என்று கேட்டேன். "நானே கத்துக்கிட்டேன் தாத்தா" என்றான். முப்பத்திரண்டு ஆண்டு ஆசிரியனாகிய நான் அன்று தலைகுனிந்தேன்.

இது சிறு பிழையென்று எண்ணவேண்டா. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் சென்றது ஒரு குடும்பம். அவர்களுள் மலேசியாவிலிருந்து சென்ற உறவினரும் இருந்தனர். வழியில் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தார் ஒரு மூதாட்டி. பிள்ளைபிடிப்போர் என்னும் வாட்ஸ்அப் வதந்தியை நம்பியிருந்த கும்பல் அவர்களைச் சூழ்ந்து தாக்கியது, அம்மூதாட்டி உயிரிழந்தார். அவ்வாண்டில் இந்தியாவின் பல மாநிலங்களில் இத்தகைய கொலைகள் நிகழ்ந்த பின்னரே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு விதித்தது.

அவ்வதந்தியை அனுப்பியவர்கள் பதின்ம வயதினர் மட்டுமா? என்னைப்போன்ற 'பொறுப்புள்ள' பெரியவர்களும் அல்லவா? அறிவுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்துத் தந்த வள்ளுவரை மேடைதோறும் போற்றிவிட்டு, மெய்ப்பொருள் காணாமலே விரலால் தட்டி அனுப்பும் நாம், பிள்ளைகளுக்குப் பொறுப்பைப் பற்றிப் பாடம் எடுக்கின்றோம்!

வாய் மூடிய பிள்ளை

பறித்தல் என்னும் தண்டனைக்கு இன்னொரு விளைவு உண்டு. கைதட்டியோர் அதனைச் சிந்திக்கவில்லை.

என் முன்னாள் மாணவி ஒருத்தி ஒருநாள் தன் மகளை அழைத்துவந்தாள். மகள் படிவம் நான்கில் பயில்பவள். இணையத்தில் அறிமுகமான ஒருவன் நயமாகப் பேசி அவளிடமிருந்து ஒரு படத்தைப் பெற்று, அதனைப் பள்ளி முழுவதும் பரப்பிவிடுவதாக மிரட்டிப் பணம் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் மூன்று மாதங்களாகத் தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் சேர்த்து வைத்த காசையெல்லாம் அனுப்பிவந்திருக்கிறாள். "அம்மாகிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா போனைப் புடுங்கிடுவாங்க ஐயா. அப்பாக்குத் தெரிஞ்சா ஸ்கூலுக்கே அனுப்பமாட்டாரு" என்றாள். தாய் தலைகுனிந்து அழுதாள்.

உண்மையைச் சொன்னவளுக்குத் தண்டனை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்ட வீட்டில், எந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லும்? அந்த வீட்டின் கட்டுப்பாடு, மிரட்டியவனுக்கு மூன்று மாதம் காவல் காத்தது.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டுவன சில உள. 2017ஆம் ஆண்டில் மலேசியா இயற்றிய சிறார்க்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தின்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் பாலியல் நோக்கத்தோடு நட்புப் பாராட்டி வலைவீசுவதே குற்றம். அத்தகைய படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் குற்றம். 'சும்மா விளையாட்டுக்கு' நண்பர் குழுவில் அனுப்பும் மாணவனுக்கும் இது பொருந்தும் என்பதனை நம் பையன்களுக்கு எடுத்துச்சொல்லுங்கள். மிரட்டுவோனுக்குப் பணம் கொடுக்கலாகாது. கொடுத்தால் மேலும் கேட்பான். செய்திகளை அழிக்கலாகாது, அவையே சான்று. காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். 15999 என்னும் 'தாலியான் காசே' உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். 'டேக் இட் டவுன்' என்னும் இலவசச் சேவையின் வழி, படத்தை எவருக்கும் காட்டாமலே, அதன் எண் அடையாளத்தை மட்டும் பதிந்து, அது பெரிய தளங்களில் பரவுவதைத் தடுக்க முயலலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்று. இன்றிரவே பிள்ளையை அருகழைத்து, "என்ன நடந்தாலும் என்னிடம் சொல், சொன்னதற்காக உன் கைப்பேசியைப் பறிக்கமாட்டேன், உன்னை அடிக்கமாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். எந்தப் பூட்டும் அளிக்காத பாதுகாப்பை அந்த ஒரு வாக்கு அளிக்கும்.

நம் நாவும் நம் மொழியும்

2024ஆம் ஆண்டு ஜூலையில் நம் சமூகத்தைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர், டிக்டாக் தளத்தில் தொடர்ந்து இழைக்கப்பட்ட வசைக்கும் மிரட்டலுக்கும் ஆளாகி, தம் உயிரைத் துறந்தார். அவ்வழக்கில் தண்டிக்கப்பட்டோருள் ஒரு பெண்ணுக்கு, அப்போதிருந்த சிறுகுற்றச் சட்டத்தின்படி விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். நாடு கொதித்தது. தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலையில் இணையத் தொல்லைக்கெதிரான புதிய பிரிவுகள் நடப்புக்கு வந்தன.

சட்டம் தன் கடமையைச் செய்யத் தொடங்கிவிட்டது. நம் கடமை? துன்புறுத்தியோரும் நம்மவர்; துன்புற்றவரும் நம்மவர். அவர்கள் சிறுபிள்ளைகளும் அல்லர், வளர்ந்தவர்கள். இத்தகைய நேரலை வசைகளை இன்றும் வேடிக்கை பார்ப்போர் எத்தனை பேர்! சண்டை முற்ற முற்றப் பார்வையாளர் கூட்டம் பெருகுகிறது; சிரிப்புக் குறிகளும் பரிசுகளும் குவிகின்றன. புறங்கூறாமை, பயனில சொல்லாமை என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த ஆசானின் வழிவந்தோர் நாம் என்று மார்தட்டுகின்றோம். வேடிக்கை பார்க்கும் கண்ணும் அவ்வசையில் பங்காளி என்பதனை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? நாமே அக்கூட்டத்தில் நின்றுகொண்டு சொல்ல இயலுமா?

எழுத்தாளர்களே, உங்களையும் கேட்கின்றேன்

1950களின் தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' நாளிதழ் கதை வகுப்பு நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் இளைஞர் அனுப்பிய எழுத்தைப் படித்தார்கள், திருத்தினார்கள், தரம் பிரித்தார்கள். 1935இல் தோன்றிய 'தமிழ் முரசு', கோ. சாரங்கபாணி காலத்தில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியின் வழி பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துக்கு இடம் தந்தது. அன்றைய இளைஞன் தன் சொல்லைப் பொதுவில் வைக்கும் முன், அதனை அக்கறையோடு படிக்க ஒரு மூத்தவர் இருந்தார். தவறு திரும்பி வந்தது, சிவப்பு மையோடு. மலேசிய சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தின் ஒரு தலைமுறை அவ்வாறு பழகி எழுந்தது.

இன்றைய இளைஞனுக்கு ஓர் அச்சகமே கையில் இருக்கிறது. ஆசிரியர்தான் இல்லை. 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோயிற்று. நாம் இரங்கற் கூட்டம் நடத்தினோம். அந்த ஆசிரியப் பணியை வேறிடத்தில் தொடர்ந்தோமா?

இணையம் நமக்கு அயலானது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர் சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. தமிழ் இணையம் பற்றிய 1997ஆம் ஆண்டு மாநாடு சிங்கப்பூரில்தான் கூடியது. 'முரசு அஞ்சல்' மென்பொருளால் உலகத் தமிழரைக் கணினியில் எழுதவைத்த முத்து நெடுமாறன் இந்த மலேசிய மண்ணின் மகன். நம் முன்னோர் அரும்பாடுபட்டுக் கட்டிய வீட்டில் இன்று நம் பிள்ளைகள் தனியே விடப்பட்டிருக்கின்றார்கள். அவர்களைத் 'தறுதலைகள்' என்று வாயிலில் நின்று நாம் ஏசுகின்றோம்.

செய்யக்கூடியவை உள. 2003ஆம் ஆண்டு முதல் தமிழில் வளர்ந்துவரும் விக்கிப்பீடியா, எவர் எழுதினாலும் சான்று கேட்கும். ஆதாரமற்ற வரியைப் பிறர் நீக்குவர். தான் பிறந்த தோட்டத்தின் வரலாற்றை, தன் தமிழ்ப்பள்ளியின் வரலாற்றை அங்கே எழுத முற்படும் மாணவன், 'இதற்கு என்ன ஆதாரம்?' என்னும் கேள்வியைத் தானாகவே கற்பான். அக்கேள்வியைக் கற்றவன் வெள்ளை வேன் வதந்தியை அனுப்பமாட்டான். நம் சங்கங்கள் ஆண்டுக்கொரு விழாவைக் குறைத்துக்கொண்டு, மாதமொரு மாலை பத்து மாணவரை அமர்த்தி இதனைப் பழக்கலாகாதா?

"நாங்கள் இரவுப் பகல் மாறி மாறி வேலைக்குச் செல்பவர்கள், பிள்ளையோடு உட்கார எங்கே நேரம்?" என்று பெற்றோர் கேட்பர். நியாயமான கேள்வி. அவர்களிடம் நான் கேட்பது மிகச் சிறிது. இரவில் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும், பெற்றோருடையவையும் உட்பட, படுக்கையறைக்கு வெளியே ஓரிடத்தில் உறங்கட்டும். ஐயமான செய்தி வந்தால், அனுப்பும் முன் பிள்ளையைக் கூப்பிட்டு, "இது மெய்யா என்று பார்த்துச் சொல்" என்று கேளுங்கள். அவன் உங்களுக்குக் கற்பிக்கட்டும். தன்னை நம்பிக் கேட்கும் தந்தையிடம் பிள்ளையும் நம்பி வருவான்.

அன்று அப்பெற்றோர் கூட்டம் முடிந்தபின் மேடைப் பெரியவரை அணுகி, "ஐயா, பறித்த பிறகு என்ன செய்வது?" என்று கேட்டேன். "படிக்கச் சொல்லுங்கள்" என்றார். "எதனை?" என்றேன். அதற்குள் அவர் சட்டைப்பையில் கைப்பேசி ஒலித்தது. பேசிக்கொண்டே காரை நோக்கி நடந்தார். கார் சாவி வலக்கையில், கைப்பேசி இடக்கையில். பின்னிருக்கையில் அவர் பேரன் அமர்ந்து, தாத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.